தொண்ணூறு ஆயிலும் ஒன்பது கணக்கும்

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் லாரி மெக்கானிக். சங்ககிரியில் வேறு எந்த மெக்கானிக்கிடம் போய்ச் சேர முடியும்? சேலம்–கொச்சி நெடுஞ்சாலையை ஒட்டி ஸ்பிரிங் பட்டறை, ரேடியேட்டர் கடை, லேத்து, டிங்கர், டயர் கடை என்று வரிசை கட்டி நிற்கிற ஊர் இது. எங்கள் ஊர் டி.என். 52, திருச்செங்கோட்டு 34, நாமக்கல் 28 என்று லாரிகள் வரும், பிரிபடும், பூட்டிக்கொண்டு கிளம்பும். அண்ணன் பட்டறையின் வேப்பமரத்தடியில், பதினாறு சக்கர லாரிகளுக்கு நடுவே, நெஞ்சு உயரத்துக்கு ஒரு வெளிர்நீலக் கார் நிற்கும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1960களில் வந்தது. இரண்டே கதவு.

புதிதாக வருகிறவர்கள் அதை விலைக்கு நிற்கிற வண்டி என்று நினைப்பார்கள். இல்லாவிட்டால் அண்ணனுக்கு ஏதோ பழைய கார்ப் பைத்தியம் என்பார்கள். அண்ணன் வீட்டில் இருந்த கார் அது ஒன்றுதான். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும். ஆத்தாவைத் திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும். ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறை, சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து, எழவு எல்லாவற்றுக்கும் அதுதான் போகும். பட்டறைக்குச் சாமான் வாங்க ஈரோடு போவதும் அதில்தான். சும்மா நின்ற நாள் குறைவு.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று கேட்டால் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்ல வேண்டும். 948 சிசி என்ஜின், 35 குதிரைத்திறன் பக்கம். ஆனால் வடிவம் போட்டவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்தது. அதன் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். முன்சக்கர அமைப்பு, ரேக் ஸ்டியரிங், பின்பக்கம் குறுக்கே கிடக்கும் ஒற்றை ஸ்பிரிங், தனித்தனியாக ஆடுகிற பின் ஆக்சில் எல்லாம் இரண்டுக்கும் ஒரே குடும்பம். நம்மிடம் 1961 முதல் மெட்ராஸ் பக்கம் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் செய்தது. இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு கடைசிவரை வரவில்லை. நம் குடும்பங்களின் அளவைப் பார்த்து இங்கேதான் அதைச் செய்தார்கள். சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. அண்ணனுடைய வண்டியும் அங்கே ஓடியது என்று பட்டறையில் ஒரு பேச்சு உண்டு. அவரிடம் கேட்டால், "அப்படிச் சொல்லித்தான் எங்கய்யன் தலைல கட்டுனாங்க" என்பார்.

நான் பிளஸ் டூ முடித்த கோடையில் போய்ச் சேர்ந்தேன். முதல் ஆறேழு மாதம் லாரி வேலைதான். வீல் கழற்றுவது, பேரிங் கழுவுவது, கிரீஸ் அடிப்பது. ஹெரால்டைத் தொட விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். "கண்ணு, பானெட்டைத் தூக்கு." தூக்கப் போனால் எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. இரண்டு பக்கமும் தாழ்ப்பாளை விடுவித்தால், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மூக்கு முழுசும் முன்பக்கமாகச் சாய்கிறது. என்ஜின் தனியாக வெளியே நிற்கிறது. முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். லாரிக்கு அடியில் படுத்து மண்ணும் ஆயிலும் கண்ணில் விழ வேலை பார்த்தவனுக்கு அது பெரிய சொகுசு.

அன்றைக்குக் கற்றுக்கொண்டது டேப்பட் வைப்பது. எட்டு வால்வு. ஒவ்வொன்றுக்கும் ராக்கர் கைக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் பத்து தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு) இடைவெளி, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது. எந்த வால்வு எப்போது முழுசாக மூடியிருக்கும் என்று கண்டுபிடிப்பதில்தான் புதியவன் தடுமாறுவான். அண்ணன் தாளில் எழுதவில்லை, மேனுவல் காட்டவில்லை. "கூட்டுனா ஒம்பது வரோணும். அவ்வளவுதான்" என்றார். முன்னாலிருந்து எண்ணி, ஒன்றாவது வால்வு முழுசாக அமுங்கித் திறந்திருந்தால் எட்டாவதை வை. மூன்று திறந்திருந்தால் ஆறு. ஐந்து திறந்திருந்தால் நான்கு. என்ஜினைச் சுற்றுவதற்கு பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு, வண்டியை ஆள் தள்ளினால் போதும். அண்ணனின் பெரிய பையன் தள்ளினான். நான் டயர் மேல் உட்கார்ந்து "போதும், போதும்" என்று கத்தினேன்.

ஃபீலர் கேஜ் தகட்டை உள்ளே விட்டு இழுத்தால் விரலுக்கு ஒரு பிடிப்புத் தெரிய வேண்டும். சும்மா வழுக்கி வந்தால் இடைவெளி அதிகம். தகடு வளைந்து முரண்டினால் குறைவு. சரியாக வைத்துவிட்டு லாக்நட்டை இறுக்கினால், இறுக்கும்போதே ஸ்க்ரூ கொஞ்சம் கூடச் சுற்றி அளவு மாறிவிடும். அதனால் ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர் அசையாமல், மறு கையில் ரிங் ஸ்பேனர். இறுக்கிய பிறகு மறுபடி தகடு. லாரி என்ஜினுக்கும் இதே வேலைதான், ஆனால் லாரியில் சத்தம் அதிகம். அளவு கொஞ்சம் தப்பினாலும் காதுக்குப் பிடிபடாது. இந்தச் சின்ன என்ஜின் எதையும் மறைக்காது.

டேப்பட் அளவை ஒவ்வொரு முறையும் ஒரு பழைய டைரியில் எழுதச் சொன்னார். ஏன் என்று பின்னால்தான் புரிந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ம் வருடம் பிப்ரவரியோடு நின்றது. அந்த ஈயம்தான் பழைய என்ஜின்களின் வால்வு சீட்டுக்கு மெத்தையாக இருந்தது. அது போன பிறகு எக்ஸாஸ்ட் வால்வு தட்டித் தட்டித் தன் சீட்டையே தின்று மேலே ஏறுகிறது. டேப்பட் இடைவெளி தானாகக் குறைகிறது. டைரியில் ஒரே வால்வு திரும்பத் திரும்ப இறுகிக்கொண்டே வந்தால் ஹெட்டைக் கழற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒருமுறை கழற்றி, சேலத்தில் கடினமான சீட்டு அடித்துப் போட்டோம். அதற்குப் பிறகு டைரியில் அந்த வால்வு அசையவில்லை.

அடுத்தது தொண்ணூறு ஆயில். எங்கள் ஊரில் நிப்பிள் என்று ஒன்றைப் பார்த்தால் போதும், யாராவது கிரீஸ் கன்னோடு வந்து நிற்பார்கள். ஹெரால்டில் அதுதான் ஆபத்து. முன்சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துத் தண்டின் அடிமுனை மரையாக இருக்கும். அது ஒரு பித்தளைத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்தான் சுற்றுகிறது. அங்கே கிரீஸ் போட்டால் மரையின் எல்லாச் சுற்றுக்கும் ஏறாது, காய்ந்து கெட்டியாகும், தண்ணீர் உள்ளே நிற்கும். தண்டு துருப்பிடித்து ஒரு நாள் முறியும். அது பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது, கேட்டுக்குள் நுழைகிறபோதோ கடைவீதியிலோ நடக்கும். சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். கம்பெனியின் மேனுவலே கியர் பெட்டிக்கு ஊற்றுகிற தொண்ணூறு ஆயிலைத்தான் சொல்கிறது. அண்ணன் அதற்கென்று தனியாக ஒரு கன் வைத்திருந்தார். கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். வேறு யாரும் அதில் கிரீஸை நிரப்பிவிடக் கூடாது. மேல் சீலில் புது ஆயில் கசிகிற வரைக்கும் அடிக்க வேண்டும், கசிந்ததைத் துணியால் துடைத்து அது என்ன நிறத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். பழுப்பு வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, இன்னும் அடி.

பிள்ளைகள் ஏறுகிற வண்டியில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிறு இதைச் செய்துவிடுவார். தீபாவளிக்கு முன்னால் மறுபடி. வண்டி கேட்கிறதா கேட்கவில்லையா என்று பார்ப்பதில்லை. லாரிக்காரர்களின் பழக்கம் அது. பிரேக்டவுன் ஆகி ஒரிசா ரோட்டில் நின்றால் லோடும் போச்சு, வாடகையும் போச்சு. அதனால் நிற்பதற்கு முன்னாலேயே பிரிப்பார்கள். பழைய காரை ஆசைக்கு வைத்திருப்பவர்கள் பலர் நின்ற பிறகு பிரிக்கிறார்கள். பிறகு பழைய கார் நம்பகம் இல்லை என்கிறார்கள்.

ஆனால் லாரிப் புத்தி எல்லா இடத்திலும் செல்லாது. பின் ஸ்பிரிங் விஷயத்தில் அதை நேரில் பார்த்தேன். ஆத்தா, அண்ணன் வீட்டு அக்கா, பிள்ளைகள், டிக்கியில் அரிசி மூட்டை என்று ஓடி ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது. பின் சீட்டுக்கு அடியில் ஒரு மூடி இருக்கிறது. அதைத் திறந்து மேலிருந்துதான் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். கழற்றி, தோளில் வைத்து, நாலு கடை தள்ளி ஸ்பிரிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். டிப்பர் ஸ்பிரிங் அடிக்கிறவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, தொட்டில் கட்டவா?" என்றார். பிறகு தொழில்முறையில் ஒரு யோசனையும் சொன்னார். "வளைவு ஏத்தி, ஒரு பட்டை சேத்துப் போட்றலாம். அப்புறம் பத்துப் பேர் ஏறுனாலும் உக்காராது."

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வண்டியின் பின் ஆக்சில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் டிஃபரென்ஷியல் பக்கம் கீல் போட்டது மாதிரி மேலும் கீழும் ஆடும். பின்பக்கம் உயர்ந்தால் சக்கரங்களின் அடி உள்ளே ஒதுங்கி, வண்டி நுனிக்காலில் நிற்கும். வேகமாக வளைவில் போய், பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ பின்பக்கம் இன்னும் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடியும், வண்டி சுழலும். பட்டை சேர்த்தால் காலியாக ஓடும்போது எந்நேரமும் அந்த நிலைதான். கொஞ்சம் தாழ்ந்து நிற்பதே அதற்குக் காப்பு. ஆகவே பழைய பட்டைகளையே சூடேற்றி, பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, தோய்த்து எடுத்தார்கள். ஒரு நூல்கூடக் கூடுதல் வேண்டாம் என்று அண்ணன் பக்கத்திலேயே நின்றார். நம் மெக்கானிக்குகளுக்கும் டிரைவர்களுக்கும் இந்த ஆடுகிற ஆக்சில் பிடிக்காமல் போனதால்தான் 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கஸலில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்சில் போட்டார்கள். அந்த முடிவைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இருபது கொண்டையூசி வளைவு ஏறி ஏற்காடு போகும்போது ஹெரால்டு திரும்புகிற அழகு கஸலில் கிடையாது. சுமார் ஏழரை மீட்டர் வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும் வண்டி இது.

ஏற்காட்டுச் சாலையில்தான் எனக்கு ஓட்டவும் சொல்லிக்கொடுத்தார். முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லை. ஓடுகிறபோது அதற்கு இறங்க வேண்டுமானால் டபுள் கிளட்ச் போட வேண்டும். அதைப் பழைய லாரி டிரைவர்களிடமே கற்றிருந்தேன். வளைவு மட்டும் புதுப்பாடம். "வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைச்சுரு. உள்ள போயிட்டா கால எடுக்காத, லேசா அமுத்திக்கிட்டே வா. பின்னாடி யார் ஒக்காந்திருக்காங்கன்னு நெனச்சுக்க." பின்னால் ஆத்தா உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் மிளகுக் கொடியையும் குரங்கையும் காட்டிக்கொண்டே வந்தார். அந்த மாதிரி ஓட்டினால்தான் வண்டியை உனக்குத் தருவேன் என்று பிறகு சொன்னார் அண்ணன்.

சூடு ஏறுவதுதான் இந்தச் சமவெளியில் பெரிய தொல்லை. சித்திரை வெயிலுக்கு மேலே எங்கள் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். சங்ககிரி மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். 1963-ல் சங்ககிரி மேற்கில் சிமென்ட் ஆலை வந்ததே அதற்காகத்தான். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் குழாய்களுக்குள் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். நான் சேர்ந்த புதிதில் ரேடியேட்டர் கடைக்காரர் மேல் டாங்கியைப் பற்றவைப்பு நீக்கிக் கழற்றி, கம்பி விட்டுக் குத்தியபோது, கைப்பிடி கைப்பிடியாகச் சுண்ணாம்புப் பொடி விழுந்தது. அன்றிலிருந்து காவிரித் தண்ணீர்கூட இல்லை, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரும் கூலண்ட்டும்தான். என்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற பெட்ரோல் பம்ப் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, டோல்கேட் வரிசையில் வண்டி முக்குவதும் உண்டு. அதற்கு இன்றைக்கும் ஈரத்துணிதான். அக்கா ஒரு பழைய துண்டும் பாட்டிலில் தண்ணீரும் எப்போதும் டிக்கியில் வைத்திருப்பார். அவருக்கே சுற்றத் தெரியும்.

இரண்டு கதவு வண்டி குடும்பத்துக்கு எப்படிச் சரிப்படும் என்று கேட்பார்கள். ஆத்தாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு முன்சீட்டு அவருக்கு. அக்கா பிள்ளைகளோடு பின்னால் ஏறிக்கொள்வார். ஓடுகிற வண்டியில் பின்னால் இருக்கிற பிள்ளை கதவைத் திறந்துவிடுமோ என்ற பயம் இல்லை, திறக்கக் கதவே இல்லை. பெல்ட் கிடையாது என்பதால் நாங்களே போட்டோம். தரைத் தகட்டில் வெறுமனே போல்ட் அடித்தால் பழைய தகடு பிய்ந்துவரும் என்று அடியில் கனத்த தகடு வைத்துப் பூட்டினோம். என்றாலும் இதை மழுப்பிப் பேசக் கூடாது: இன்றைய சின்னக் கார் காப்பாற்றுகிற அளவுக்கு அறுபது வருடத்து வண்டி மோதலில் காப்பாற்றாது. பிள்ளைகளோடு இரவில் நெடுஞ்சாலை ஏறுவதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். ஈரோட்டுக்குக்கூடப் பள்ளிபாளையம் வழியாகத்தான்.

2023 முதல் எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியது. இப்போது பங்க்கில் கிடைப்பதே அதுதான். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. எரிய அதிக அளவு வேண்டும். பழைய ஜெட்டில் அதே அளவுதான் போகும். எனவே கலவை வறட்சியாகிறது, மிதித்ததும் ஒரு கணம் தயங்குகிறது, கார்புரேட்டரில் துப்புகிறது, வால்வு அதிகம் சூடாகிறது. சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்திருக்கிற எண் துவாரத்தின் அளவு: 105 என்றால் 1.05 மில்லிமீட்டர். ஒரு படி பெரிசாகப் போட்டு, பிளக்கின் மூக்கைப் பார்த்தோம். வெளுத்திருந்தது லேசான காப்பி நிறத்துக்கு வந்ததும் நிறுத்தினோம். பம்ப்பின் டயஃப்ரமும் ஓஸ்களும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாறின. இந்த வேலை முழுசையும் அண்ணன் என்னிடமே விட்டுவிட்டார். அந்த வாரத்திலிருந்து வாடிக்கையாளர்கள் என்னைத் "தம்பி" என்று கூப்பிடுவது குறைந்து "மேஸ்திரி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் டாங்கியில் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். வாரம் ஒரு முறை டாங்கி காலியாகிற வண்டியில் அந்தப் பிரச்சினை வர நேரமே இல்லை. பிரேக் சிலிண்டர் துருப்பதும், சீல் காய்ந்து ஒழுகுவதும், கிளட்ச் ஒட்டிக்கொள்வதும் கூட நின்ற வண்டிகளில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து இரண்டு மூன்று பழைய கார்களை இங்கே கொண்டுவருகிறார்கள். பளபளவென்று இருக்கும், ஆனால் பிரேக் பிடிக்காது.

இதனால்தான் 2021-ல் வந்த விண்டேஜ் விதியை அண்ணன் ஏற்கவில்லை. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் வி.ஏ. என்று தனி நம்பர், பத்து வருடத்துக்குச் செல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நம்பர் வாங்கிய வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு, அவ்வளவுதான். "அப்ப புள்ளைங்கள ஸ்கூலுக்கு யாருங்க கூட்டிட்டுப் போறது?" என்று ஏஜென்டிடம் கேட்டுவிட்டு வந்துவிட்டார். பழைய நம்பரிலேயே, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்திக் காட்டி, ஆர்.சி. புதுப்பித்துக்கொள்கிறார். செலவு ஏறிக்கொண்டேதான் போகிறது.

இப்போது எனக்கும் அவருக்கும் இருக்கிற ஒரே தகராறு பாயின்ட் பற்றி. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் போட்டுவிடலாம் என்கிறேன் நான். பதினைந்து தவ் இடைவெளியை அடிக்கடி வைக்க வேண்டாம், மழையில் மிஸ் ஆகாது, அக்கா தனியாகப் போகிறபோது நடுவழியில் நிற்காது. அவர் சொல்வது வேறு: "பாயின்ட் கருகுனா உப்புத்தாள்ல தேய்ச்சு வூடு வந்து சேந்துரலாம். அந்தப் பொட்டி போனா சேலத்துல இருந்து கொரியர்தான் வரோணும்." தினசரி வண்டிக்கு என் பேச்சுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். கிட்டை வாங்கி வைத்துவிட்டேன், பழைய பாயின்ட் தட்டை முழுசாக செட் செய்து டேஷ்போர்டு அறையில் போட்டுவிடலாம், கிட் போனால் அதை மாட்டிக்கொண்டு வரலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். அதை மாற்றிக் கேட்கிறார்: பாயின்ட் வண்டியில் இருக்கட்டும், உன் பொட்டி டேஷ்போர்டில் இருக்கட்டும் என்று. அக்கா என் பக்கம். ஆத்தா அவர் பக்கம். வருகிற ஞாயிறு டேப்பட் வைக்க பானெட்டைத் தூக்கும்போது மறுபடி கேட்பதாக இருக்கிறேன்.